மெஷினும் சுகம்

எய்யா,

இங்கே அப்பாவும் நானும் சுகம். மாடி அறையில் நீ வாங்கி வைத்த வெந்நீர் மெஷினும் சுகம். மெஷின் சுகமாக இருப்பதுதான் இப்போது என் கவலை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதற்கு, போதும், போனை வை என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் வகுப்பில் நின்று பேசியவளுக்கு யாரும் குறுக்கே விழாமல் பேசினால்தான் பேசிய மாதிரி இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அப்போது உன்னைப் பிடிக்க முடியாது. துணி எடுக்கப் போக வேண்டும், போதகரைப் பார்க்க வேண்டும், நாசரேத்திலிருந்து பியூலா வீட்டார் வருவதும் போவதுமாக இருப்பார்கள். மாப்பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாவுக்குக் கிடைப்பது சாப்பாடு பரிமாறுகிற நேரம்தான். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் உனக்கு மழை பெய்துகொண்டிருக்கும். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

முதலில் அந்த மெஷின் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். நீ அறியாத கதை அல்ல. ஆனால் கீழே நின்று பார்த்தவள் கண்ணில் அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. என் முட்டியில் ஆபரேஷன் செய்த பிறகு, காலையும் மாலையும் வெந்நீர் விட்டுக் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நம் வீட்டுப் போர் தண்ணீரின் உப்பில் கீசர் கம்பி ஒரு வருஷம் தாங்குவதில்லை. நீ அங்கிருந்து ஆராய்ச்சி பண்ணி, உன் வீட்டைச் சூடாக்குகிற மெஷினின் தம்பி போல ஒன்றை இங்கே அனுப்பி வைத்தாய். ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஓர் உருளை, அதன் தலையில் ஒரு விசிறி. காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும், சூடு போன காற்றைக் குளிராக வெளியே விடும் என்று விளக்கினாய். "பாளையங்கோட்டைக் காத்துல சூட்டுக்கா பஞ்சம்? நல்லா எடுத்துக்கிடட்டும்" என்றேன். மத்தியானம்தான் காற்று கொதிக்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடுகிற மாதிரி அதற்கு நேரம் வைத்துக் கொடுத்தாய். சாயந்திரம் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. நான் குளித்துவிட்டு வந்து உனக்காக ஜெபம் பண்ணினேன். மெஷினுக்காகவும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான் மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது. ஒரு சாயந்திரம் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. மாடியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று அப்பா வந்து சொன்னார். உன்னைக் கூப்பிட்டேன். எங்களுக்குச் சாயந்திரம், உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷினைக் காட்டச் சொன்னாய். எனக்குத்தான் படி ஏற முடியாதே. போனை அப்பா கையில் கொடுத்து மேலே அனுப்பினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுவரை எத்தனையோ வருஷமாக உனக்கும் அப்பாவுக்கும் நடந்த பேச்சு எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "அப்பா எங்க?" என்பாய். "இங்கனதான் இருக்காக, குடுக்கட்டா?" என்பேன். "வேண்டாம்மா, கேட்டேன்னு சொல்லு" என்பாய். போனை வைத்ததும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன சொல்லுதான்?" என்பார். "ஒங்களக் கேட்டான்" என்பேன். "ம்" என்பார். அவ்வளவுதான் உங்கள் இருவரின் சம்பாஷணை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன், எத்தனை பிள்ளைகளின் சண்டையை விலக்கிவிட்டவள் நான். இது வெறும் பேச்சில்லாமை. அதை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்துத் தூக்குவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மாடிக்குப் போன மனுஷர் இறங்கி வரவேயில்லை. நான் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "மேல உள்ள மூடியக் கழத்தி வலையப் பாருங்கப்பா." "பாத்துட்டம்லே, தூசிதான் கெடக்கு." "அதக் கழுவிட்டு, அணைச்சுப் போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க." கொஞ்ச நேரம் கழிய வேண்டுமே, அதுவரை என்ன செய்வது? அந்த இடைவெளியில்தான் அப்பா கேட்டார், "அங்கன ஒன் வீட்டு மெஷினும் இப்படி நிக்குமாலே?" நீ சொன்னாய், பனிக்காலத்தில் வெளியே இருக்கிற பெட்டியில் ஐஸ் கட்டிவிடும், அது தானே ஐஸை உருக்கிவிட்டு மறுபடி ஓடும், அந்த நேரத்தில் புகை போல ஆவி வரும், முதல் தடவை பார்த்து வீடு தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துச் செருப்பில்லாமல் பனியில் ஓடினேன் என்று. எய்யா, உன் அப்பா சிரித்தார். வாயைத் திறந்து, சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தக் கதையை நீ என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றேன். மெஷின் ஓடத் தொடங்கியதும் இறங்கி வந்தவர், "அவன் ஊர்ல வெறுங்கால்ல பனியில நின்னா வெரல் மரத்துப் போகுமாம்" என்று என்னிடம் சொன்னார். நான் கீழே நின்று எல்லாம் கேட்டது தெரியாத மாதிரி, யாருக்கோ புதுச் செய்தி சொல்வது போலச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

உனக்கு விக்கிரமசிங்கபுரத்து வீடு நினைவிருக்கிறதா? மில் கொடுத்த வரிசை வீடு. வாசலில் நின்றால் மலை தெரியும். ஷிப்டு மாறும்போது தெரு முழுக்க சைக்கிள் மணி. அப்பா நூல் நூற்கிற பகுதியில் வேலை பார்த்தார். அங்கே காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அதனால் சட்டம் ஒன்றே ஒன்று: யார் உள்ளே வந்தாலும் கதவைச் சாத்த வேண்டும். திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை உன் அப்பா விட மாட்டார். மில்லில் கத்திய கத்தலை வீட்டிலும் கத்தினார். நீ விளையாடப் போகும்போதும் வரும்போதும் "கதவச் சாத்துலே!" உன் கூட்டாளிகள் வந்தால் அவர்களுக்கும் அதே. உனக்கு அப்பாவின் குரல் என்றால் அந்த இரண்டு வார்த்தைதான் ஞாபகத்தில் இருக்கும் என்று நான் பல நாள் நினைத்து வருந்தியிருக்கிறேன். நீ முதன்முதல் வெளியூர் போனபோது, திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலில் ஏற்றிவிட்டு, நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அப்பா ஜன்னலைத் தட்டி உன்னிடம் சொன்னது என்ன? "ஷட்டர் சாத்துதா பாரு." வண்டி புறப்பட்டுவிட்டது.

ஆனால் அவருக்கும் பேச்சு வரும் நேரம் ஒன்று இருந்தது. கையில் திருப்புளி இருக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு மேஜை விசிறி இருந்தது, பச்சை நிறம். சுவிட்சைப் போட்டால் சுற்றாது. விரலால் தள்ளிவிட்டால் சுற்றும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவும் நீயும் தரையில் பேப்பரை விரித்து அதைக் கழற்றிப் போடுவீர்கள். எண்ணெய் போடுவது, துடைப்பது, மறுபடி பூட்டுவது. பூட்டி முடித்தால் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும். "இது எங்கன உள்ளதுலே?" என்று அவர் கேட்க, "அது தேவையில்லாததுப்பா" என்று நீ சொல்ல, இருவரும் அதை டப்பாவில் போட்டு வைப்பீர்கள். விசிறி முன்னைவிட மோசமாகச் சுற்றும். ஆனால் அந்த நேரத்தில் நீ அவரிடம் கேட்காத கேள்வி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ஆறு எங்கே பிறக்கிறது, மில்லுக்குள் பேய் உண்டா. அவரும் பொறுமையாகப் பதில் சொல்வார். எனக்கு அடுப்படியில் மீன் குழம்பு கொதிக்கும் சத்தமும் உங்கள் குரலும் சேர்ந்து கேட்கும். என் வாழ்க்கையில் எந்த நாளைத் திருப்பித் தருகிறேன் என்று கேட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைத்தான் கேட்பேன்.

அந்த விசிறியை ஒழித்துக்கட்டியது நான்தான். சம்பளம் கூடியதும் ஒரு புது விசிறி வாங்கி உத்தரத்தில் மாட்டினேன். பழையதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். புது விசிறிக்கு ஒரு கோளாறும் வரவில்லை. நல்ல காற்று. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அப்பா பேப்பர் படித்தார், நீ வெளியே விளையாடப் போனாய். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அப்புறம் நீ படிப்பு, விடுதி, வேலை என்று போய்விட்டாய். நல்ல விசிறி வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன். வாரத்தில் பாதி நாள் ஓடியது, பாதி நாள் நின்றது. நின்ற நாளெல்லாம் நீங்கள் இருவரும் மாடியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே அடுப்பில் அண்டா வைத்துக் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். மேலப்பாளையத்திலிருந்து காதர் வந்தான். துபாயில் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவன், தங்கமான பிள்ளை. அவன் வருகிறான் என்று போன் வந்ததும் நான் அப்பாவை விரட்டுவேன்: "வீட்டுக்கு ஆள் வருது. மாடியில குப்பையும் கூளமுமா கெடக்கும். பெருக்கி, எல்லாத்தையும் ஒதுக்கி வச்சு, கதவத் தொறந்து காத்தாடப் போடுங்க." அப்பா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போவார். காதர் போய்ப் பார்ப்பான். மெஷின் ஜம்மென்று ஓடும். "அண்ணாச்சி, நல்லாத்தான ஓடுது?" என்று தலையைச் சொறிவான். ஒரு தடவை வலையைக் கழுவினான். ஒரு தடவை சூடு பார்க்கிற கம்பியை மாற்றினான். ஒரு தடவை கேஸ் குறைவோ என்று அளந்தான், அளவு சரியாக இருந்தது. கரண்ட் குறைவாக வருகிறதோ என்று ஸ்டெபிலைசர் மாட்டினான். நான் அவனுக்கு டீயும் முறுக்கும் கொடுத்துக் கொடுத்து அவன் இப்போது வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். உன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவனுக்குத்தான். அவன் போன மறுநாள் மெஷின் மறுபடி நிற்கும். "பெரியம்மா, நான் வந்தா மட்டும் ஓடுது. இதுக்கு எம்மேல பயமோ என்னமோ" என்றான் பாவம்.

ஒன்று மட்டும் எனக்கு நெருடியது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றதே இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வண்ணார்பேட்டையில் உன் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்புவோம். வந்து குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். ஓய்வு நாளை ஆசரிக்காத மெஷின் என்று உன் அப்பாவிடம் கேலி பேசினேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப் போவது, பியூலாவின் அப்பா முன்னறிவிப்பில்லாமல் வந்த அன்று நடந்தது. பத்திரிகை வாசகத்தைக் காட்ட வந்திருந்தார். கத்திரி வெயில், நல்ல மத்தியானம். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, மாடியைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சாப்பிட்டதும் "மெஷின் ஓடுதான்னு பாத்துட்டு வாரேன்" என்று பேப்பரோடு மேலே போவது அவர் வழக்கம். மறுபடி கூப்பிட்டேன். சம்பந்தி வேறு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வெயிலில் மேலே மயங்கிக் கிடக்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். முட்டியாவது ஒன்றாவது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பையப் பைய ஏறினேன். மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன்.

எய்யா, உள்ளேயிருந்து வந்த குளிர் என் முகத்தில் அடித்தது. சாத்திய ஜன்னலின் இடுக்கை அடைத்து ஈரத் துண்டு தொங்குகிறது. மெஷினுக்கு எதிரே சாய்வு நாற்காலி. அதில் உன் அப்பா, நீ முதல் சம்பளத்தில் அங்கிருந்து வாங்கி அனுப்பினாயே கட்டம் போட்ட கம்பளிப் போர்வை, "பாளையங்கோட்டையில இத எங்க போடதுக்கு?" என்று சொல்லி அலமாரியில் வைத்தாரே அந்தப் போர்வை, அதைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு உறங்குகிறார். பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் திறந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கதவச் சாத்துட்டி. குளிரு போயிரும்."

அப்படியே நின்றேன். நான் வாத்திச்சி, மூளை மழுங்கிவிடவில்லை. சின்ன அறை, கதவும் ஜன்னலும் சாத்தியாயிற்று. மெஷின் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது, குளிரை அதே அறைக்குள் விடுகிறது, மறுபடி அந்தக் குளிர்ந்த காற்றையே இழுக்கிறது. எடுக்கச் சூடு எங்கே இருக்கும்? உள்ளே ஐஸ் கட்டி நின்றுபோகிறது. காதர் வரும்போது நான்தான் கதவைத் திறக்கச் சொல்லி, நாற்காலியை ஒதுக்கச் சொல்லி, கோளாறையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருப்பதால் கதவைச் சாத்த ஆளில்லை. நான் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்ட சாயந்திரங்களெல்லாம் கண் முன்னால் வந்தன. சம்பந்தி கீழே இருந்ததால் பிழைத்தார் உன் அப்பா.

சம்பந்தி போனதும் முதல் வேலையாக உன்னைத்தான் கூப்பிட்டேன். உங்கள் இருவரையும் காதரையும் ஜெயித்துவிட்ட மிதப்பில், "எய்யா, நான் கண்டுபிடிச்சிட்டேன்!" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீ ஆச்சரியப்படவில்லை. மெதுவாக, "தெரியும்மா" என்றாய். "சித்திர மாசம் பாளையங்கோட்டையில அப்பா கம்பளியப் போத்திக்கிட்டு வீடியோல வாராங்க. மெஷின் ஏன் நிக்குதுன்னு இதுக்கு மேல நான் கண்டுபிடிக்கணுமா?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "பொறவு ஏம்ல சொல்லல? பெத்தவ இங்கன வெந்நி சுமந்து சாகுதேன்!" என்று கத்தினேன். நீ சொன்னாய், "சொன்னா சரியாயிரும்லாம்மா."

போனை வைத்துவிட்டு அழுதேன். கோபமும் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இனிதான் உனக்குத் தெரியாத விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்று சாயந்திரம் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, "கதவைத் தொறந்து போட்டாத்தான் மெஷின் ஓடும்னு ஒங்களுக்குத் தெரியாதா? பொருத்த வந்தவங்க ஒங்ககிட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன். முதலில் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சொன்னாங்கட்டி. மொதல்ல ரெண்டு தடவ பழக்கத்துல சாத்திட்டேன். குளிரு நல்லாருந்து. அவன் ஊரு இப்படித்தான் இருக்கும்போலன்னு உக்காந்திருந்தேன். அவங்கிட்டக் கேட்டா, எங்க ஊருக் குளிருல இது பாதிகூட இல்லப்பாங்கான்." நான் விடவில்லை. "அதுக்குப் பொறவு?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓடிட்டா அவன் எதுக்குட்டி கூப்புடுவான்?"

எய்யா, நீ சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான். உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் என்பது உனக்கு இந்த வரியைப் படிக்கும் வரை தெரியாது. அத்தனை சாயந்திரமும் கோளாறு என்ன என்று தெரிந்த இரண்டு ஆம்பிளைகள், தெரியாத மாதிரி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, வலையைக் கழுவி, ஸ்டெபிலைசர் மாட்டி, காதரை அலையவைத்து, என்னையும் அடுப்படியில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். "அப்பா, உங்க கூடப் பேசணும்போல இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. "மக்கா, ஒன் நெனப்பாவே இருக்கு" என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறீர்கள் இருவரும்.

பியூலா நன்றாகப் பேசுகிற பெண். முன்பு ஒரு தடவை அவள் அப்பாவோடு வந்தபோது என் முட்டியைப் பற்றி டாக்டர்கூடக் கேட்காததெல்லாம் கேட்டாள். அவளிடம் இந்த வேலையைக் காட்டாதே. அவள் அங்கே புது ஊரில், பனியில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கப் போகிறாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளாதே. பேச ஒன்றும் இல்லையென்றால் அவளோடு சேர்ந்து எதையாவது கழற்றிப் பூட்டு. வீட்டில் சின்னக் கோளாறு வந்தால் ஆளைக் கூப்பிட அவசரப்படாதே. இருவரும் உட்கார்ந்து பாருங்கள். வருத்தம் வந்தால் ஆள் வருவதற்கு முன் பெருக்கி ஒதுக்கி வைக்கிற என் புத்தி உனக்கு வேண்டாம். நாற்காலி, போர்வை, ஈரத் துண்டு, எல்லாம் கிடந்தது கிடந்தபடி அவளுக்குத் தெரியட்டும்.

கண்டுபிடித்த மறுநாளே காதரை வரச் சொல்லி, மாடி அறைக் கதவைத் திறந்து வைத்து உள்சுவரோடு சேர்த்துக் கொக்கி மாட்டினேன். ஜன்னல் துண்டை எடுத்து அழுக்குத் துணியில் போட்டேன். போர்வையை அலமாரியில் வைத்தேன். காரணத்தைக் கேட்டுக் காதர் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தான். அன்றிலிருந்து மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. காலையும் மாலையும் வெந்நீர். என் முட்டிக்கு எவ்வளவு இதம் என்று சொல்ல முடியாது.

நீ ஞாயிறு ஞாயிறு கூப்பிடுகிறாய். என்னிடம் மண்டபம், சாப்பாடு, சட்டை அளவு எல்லாம் பேசுகிறாய். "அப்பா எங்க?" என்கிறாய். "குடுக்கட்டா?" என்கிறேன். "மெஷின் ஓடுதுல்லா? சரி, கேட்டேன்னு சொல்லு" என்கிறாய். சாயந்திரம் உனக்குச் சாப்பாட்டு நேரம் ஆகும்போது உன் அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். மாடிக்குப் போவதில்லை. நான் விளக்குப் போட வந்தால், மணி பார்க்கிற மாதிரி போனைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். நேற்று குளித்துவிட்டு வந்த என்னிடம், "தண்ணி சூடா வருதா?" என்று கேட்டார். "நல்லா வருது" என்றேன். "ம்" என்றார். எனக்கு அந்தப் பச்சை விசிறி ஞாபகம் வந்தது.

இரண்டாம் தடவையும் அதே தப்பைச் செய்ய என்னால் முடியாது. இன்று சாப்பிட்டுவிட்டு அப்பா பத்திரிகைக் கட்டோடு மாமாவைப் பார்க்க வண்ணார்பேட்டை போயிருக்கிறார். அவர் தெருமுனை தாண்டியதும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று, மாடிக்கு ஏறினேன். கொக்கியைக் கழற்றினேன். ஜன்னலைச் சாத்தி, துவைத்து வைத்திருந்த துண்டை நனைத்து அதில் தொங்கவிட்டேன். நாற்காலியை இழுத்து மெஷினுக்கு எதிரே வைத்து, போர்வையை எடுத்து வந்து அதன் மேல் போட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து கதவை நன்றாக இழுத்துச் சாத்தினேன்.

சாயந்திரத்துக்குள் நின்றுவிடும். என் முட்டிக்கு இன்றைக்குப் பச்சைத் தண்ணீர் போதும். நீ சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. என்ன கோளாறு என்று கேள்.

உன் அம்மா